நீண்ட மருத்துவ விடுப்புக்குப் பிறகு தேயிலைத் தொழிற்சாலைக்குத் திரும்பும் தொழிலாளி: நிர்வாகத்தின் கடமையும் நடைமுறையும்

கோத்தகிரிப் பகுதியில், சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலை ஒன்றின் நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. பறித்த கொழுந்தைப் பரப்பிக் காற்றில் வாடவைக்கும் வாடல் மாடியில் நெடுங்காலமாக வேலை பார்த்துவந்த, ஐம்பதை நெருங்கும் ஒரு தொழிலாளி, கோவையில் இருதய பைபாஸ் அறுவை செய்துகொண்டு ஐந்து மாதமாக விடுப்பில் இருக்கிறார். இப்போது 'லேசான வேலை பார்க்கலாம்' என்று ஒரே வரியில் எழுதிய சான்றிதழுடன் வந்து நிற்கிறார். உங்களிடம் லேசான வேலை என்று தனியாக எதுவும் இல்லை. அவருடைய மனைவி அவரை அனுப்பவே பயப்படுகிறார். அவர் இடத்தில் ஒரு மாற்றாளை வைத்திருக்கிறீர்கள். சட்டப்படி உங்கள் கடமை என்ன, நடைமுறையில் என்ன செய்வது என்பது கேள்வி. குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் தொழிலாளர் நலப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒரு வரிச் சான்றிதழைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் பெரும்பாலான சிக்கல்கள் அங்கேதான் தொடங்குகின்றன. அறுவை செய்த மருத்துவர் தேயிலைத் தொழிற்சாலையின் வாடல் மாடியைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. 'லேசான வேலை' என்று அவர் எழுதும்போது நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதும் வேலை அவர் மனத்தில் இருந்திருக்கலாம், அல்லது எந்த வேலையையும் நினைக்காமல் பாதுகாப்புக்காக எழுதியிருக்கலாம். அந்தச் சொற்களைப் படிக்கும் நிர்வாகம் 'நம்மிடம் அப்படி ஒரு வேலை இல்லை' என்று திருப்பி அனுப்புகிறது. தொழிலாளி மீண்டும் மருத்துவரிடம் போய்க் கெஞ்சி 'முழுத் தகுதி' என்று எழுதி வாங்கிவந்து, இருபத்தைந்து கிலோ மூட்டையைத் தூக்கத் தொடங்குகிறார். இந்த இரண்டு முடிவுகளும் தவறு. முழுத் தகுதி, தகுதியின்மை என்ற இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் இருக்கும் இடத்தை யாராவது ஒருவர் எழுத்தில் விவரித்தாக வேண்டும், அந்த வேலை மருத்துவருடையது அல்ல, உங்களுடையது. பிரிட்டனில் 2010 ஏப்ரலில் பழைய நோய்ச் சான்றிதழை மாற்றி, 'இன்னின்ன மாற்றங்கள் செய்தால் வேலை பார்க்கலாம்' என்று மருத்துவர் குறிப்பதற்கு இடம் வைத்த புதிய படிவத்தைக் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் அப்படி ஒரு படிவம் இல்லாவிட்டாலும், அதே பயனை ஒரு பக்கக் கடிதத்தால் பெற்றுவிட முடியும்.

அந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன் வாடல் மாடியில் ஒரு முழு ஷிப்டு நின்று பாருங்கள். அவர் செய்துவந்த வேலை 'வாடல் தொழிலாளி' என்ற பதவிப் பெயரில் அடங்கிவிடாது. லாரியிலிருந்து இறங்கும் கொழுந்து மூட்டையை எடைபோட்ட பிறகு மாடிக்கு ஏற்ற வேண்டும். உங்கள் தொழிற்சாலையில் மூட்டையைத் தொங்கவிட்டு இழுக்கும் மோனோரெயில் இருந்தால் பாதிச் சுமை குறையும், மரப்படிக்கட்டு மட்டும்தான் என்றால் ஒவ்வொரு மூட்டையும் தோளில்தான் ஏறும். பிறகு வாடல் தொட்டியின் மீது குனிந்து, இரண்டு கைகளையும் நீட்டி, கொழுந்தை உதறிப் பரப்ப வேண்டும். நெஞ்செலும்பைப் பிளந்து கம்பியால் கட்டியிருக்கும் ஒருவருக்கு, மூட்டை தூக்குவதைவிடச் சில சமயம் இந்தக் கை நீட்டி உதறும் அசைவுதான் அதிகமாக வலிக்கும். இதை நிர்வாகத்தில் யாரும் யோசிப்பதே இல்லை. நடுவில் கொழுந்தைக் கிளறிவிட வேண்டும். வாடல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் நீளும் என்பதால் இரவு வேலை தவிர்க்க முடியாதது. கொழுந்து குவியும் மாதங்களில் ஷிப்டு முடிந்தும் வேலை முடியாது. இத்தனையையும் எடை, உயரம், எத்தனை முறை, எத்தனை மணி நேரம் என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவரையே பக்கத்தில் உட்காரவைத்துக் குறித்தால் இன்னும் நல்லது, ஏனெனில் சூப்பர்வைசருக்குத் தெரியாத பாதி வேலை அவருக்குத் தெரியும்.

இந்தக் குறிப்பை இணைத்து மருத்துவருக்குக் கேள்விகளை அனுப்புங்கள். எத்தனை கிலோ வரை தூக்கலாம், ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை? மாடிப்படி ஏறலாமா, சுமையோடு ஏறலாமா? தோள்மட்டத்துக்கு மேலே கை தூக்கும் வேலை கூடுமா? இரவு ஷிப்டு எப்போதிலிருந்து? உலர்த்தும் எந்திரத்தின் அருகில் நிற்கலாமா? இந்தக் கட்டுப்பாடுகளில் எவை தற்காலிகமானவை, எப்போது மறுபடி பார்க்க வேண்டும்? பொதுவாக நெஞ்செலும்பு கூடி வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்றும், கனமான சுமைக்கு மூன்று மாதமாவது காத்திருக்க வேண்டும் என்றும் சொல்வார்கள். உங்கள் தொழிலாளிக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது என்பது நல்ல செய்தி. எனவே எலும்பைவிட இதயத்தின் தாங்குதிறனும், ஐந்து மாதம் உட்கார்ந்திருந்ததால் தளர்ந்துபோன தசைகளும்தான் இப்போதைய கேள்வி, அவை இரண்டும் படிப்படியான வேலையால் தேறக்கூடியவை.

மருந்துகளைப் பற்றியும் கேளுங்கள். பெயர்கள் உங்களுக்குத் தேவையில்லை, விளைவுகள்தான் தேவை. இதய நோயாளிகள் பலர் நாடித்துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரை சாப்பிடுவார்கள், குனிந்து நிமிரும்போது தலை சுற்றலாம். உயரமான தொட்டி ஓரத்திலோ படிக்கட்டிலோ இது ஆபத்து. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருக்குச் சிறு வெட்டும் நெடுநேரம் கசியும் என்பதால் வாடிய இலையை நசுக்கிச் சுருட்டும் சி.டி.சி. ரோலர் பக்கம் அவரை அனுப்பக் கூடாது. சிறுநீர் போக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கழிப்பறை பக்கத்தில் இருக்க வேண்டும், அடிக்கடி போவதை யாரும் கணக்கெடுக்கக் கூடாது.

மலைக்கே உரிய ஒரு விஷயம் உண்டு, அதைச் சமவெளி மருத்துவர் எழுதமாட்டார். குளிர்காலத்தில் கோத்தகிரியில் விடியற்காலை வெப்பநிலை பத்து டிகிரிக்குக் கீழே போகும். அந்தக் குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும், இரத்த அழுத்தம் ஏறும், அதே நேரத்தில் மேட்டில் நடந்தால் இதயத்தின் மீது இரட்டைச் சுமை. பேருந்தை விட்டு இறங்கித் தொழிற்சாலை வாசலுக்கு வரும் செங்குத்தான பாதையே சிலருக்கு அன்றைய நாளின் மிகக் கடினமான வேலையாக இருந்துவிடும். இன்னொரு பக்கம், உலர்த்தும் எந்திரத்துக்குள் போகும் காற்று நூறு டிகிரிக்கு மேல் சூடானது. அதன் அருகில் வியர்த்துவிட்டுச் சட்டென்று வெளியே பனியில் வருவதும் நல்லதல்ல. ஆகவே முதல் சில வாரங்களுக்கு அவரை வெயில் ஏறிய பிறகு, ஒன்பது மணிக்குமேல் வரச் சொல்லுங்கள். கொழுந்து ஏற்றும் வண்டியிலோ அலுவலக ஜீப்பிலோ மேட்டை ஏற்றிவிட முடிந்தால், அந்தச் செலவு ஒரு செலவே அல்ல.

இனி சட்டம். இதில்தான் நீலகிரியின் தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி ஓர் இரண்டுங்கெட்டான் நிலையில் இருக்கிறார், பல நிர்வாகிகளுக்கே இது தெரியாது. ஊட்டியில் ஒரு ஹோட்டலிலோ, எல்லநள்ளியில் ஊசித் தொழிற்சாலையிலோ மாதம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட ஊதியத்தில் வேலை பார்ப்பவருக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீடு, அதாவது இ.எஸ்.ஐ., பொருந்தும். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பங்களிப்பு செலுத்தப்பட்டிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சராசரி ஊதியத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். காசநோய், புற்றுநோய், சில இதய நோய்கள் அடங்கிய 34 நீண்டகால நோய்களுக்கு, இரண்டு ஆண்டுப் பணித் தொடர்ச்சி இருந்தால், 80 சதவீதம் வீதம் அதிகபட்சம் இரண்டு ஆண்டு வரைகூட நீட்டிக்க இடமுண்டு. சான்றளிக்கப்பட்ட நோயால் வராதிருக்கும் காலத்தில் அவரை வேலைநீக்கம் செய்யவோ தண்டிக்கவோ கூடாது என்று 1948 ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73 ஆம் பிரிவு தெளிவாகச் சொன்னது.

ஆனால் அதே சட்டம் 'பருவகாலத் தொழிற்சாலை'களை விலக்கிவைத்தது. அந்தப் பட்டியலில் தேயிலைத் தயாரிப்பு இருந்தது. ஆண்டு முழுவதும் புகைபோக்கி புகையும் நீலகிரித் தொழிற்சாலையைப் பருவகாலத் தொழிற்சாலை என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத்தான் படும், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அதன் இடத்துக்கு வந்த 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அந்த விலக்கைத் தொடர்கிறது. சரி, தோட்டத் தொழிலாளர் சட்டமாவது கைகொடுக்குமா என்றால், 1951 ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் நோயுற்ற தொழிலாளிக்குத் தோட்ட நிர்வாகம் நோய்க்கால உதவி தர வேண்டும் என்று 32 ஆம் பிரிவில் சொன்னாலும், தொழிற்சாலைகள் சட்டத்துக்கு உட்பட்ட தொழிற்சாலையைத் 'தோட்டம்' என்ற வரையறையிலிருந்து வெளியே வைத்துவிட்டது. தோட்டமே இல்லாமல் இலை வாங்கி அரைக்கும் உங்களைப் போன்ற தொழிற்சாலைக்கு அந்தக் கேள்வியே எழாது. தொழிற்சாலைகள் சட்டத்தில் இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு உண்டு, நோய் விடுப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. தமிழ்நாட்டின் கடைகள் நிறுவனங்கள் சட்டம் ஜவுளிக்கடை ஊழியருக்கு ஆண்டில் 12 நாள் நோய் விடுப்பு தருகிறது. உங்கள் வாடல் மாடித் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. ஆக, இந்த ஐந்து மாதத்தில் அவர் வீட்டுக்கு வருமானம் வந்ததா என்பது உங்கள் ஊதிய ஒப்பந்தத்தையும் உங்கள் மனத்தையும் மட்டுமே பொறுத்திருந்தது. அறுவைச் செலவு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரம்புக்குள், நடந்திருக்கலாம். ஆனால் அந்தத் திட்டம் அரிசி வாங்கித் தராது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, இங்கே நான் பெயர் சொல்லும் பழைய மத்தியத் தொழிலாளர் சட்டங்கள் பலவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டதால், கடிதங்களில் பழைய சட்டப் பெயர்களை மட்டும் மேற்கோள் காட்டாமல் உங்கள் வழக்கறிஞரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு உடனடியாகப் பயன்படும் மாற்றம் ஒன்று உண்டு. ஆண்டு விடுப்புக்குத் தகுதி பெற முன்பு 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் அது 180 நாள். ஐந்து மாதம் வராதவருக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

'இவ்வளவு நாள் வராதவரை நின்றுவிட்டதாகக் கணக்கு முடித்துவிடலாமா' என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் இயக்குநர் குழுவில் யாராவது கேட்பார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன். தொடர்ந்த உடல்நலக் குறைவால் ஒருவரை நிறுத்துவதை 1947 ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், இழப்பீடு தர வேண்டிய ஆட்குறைப்பு என்ற வரையறையில் சேர்க்கவில்லை; அந்தப் பழைய நினைப்பில்தான் பலர் 'நோயாளியை நிறுத்தினால் இழப்பீடு இல்லை' என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவச் சான்று இல்லாமல், அவர் தரப்பைக் கேட்காமல், மாற்று வேலையை யோசிக்காமல் நிறுத்தினால் தொழிலாளர் நீதிமன்றத்தில் நிற்பது கடினம். சான்றிதழை வாங்கிக்கொண்டே வருகைப் பதிவேட்டில் 'அறிவிப்பின்றி வரவில்லை' என்று எழுதுவது அதைவிட மோசம். பணிக்கொடையை (கிராஜுவிட்டி) பொறுத்தவரை, நோயாலும் விபத்தாலும் ஏற்பட்ட இடைவெளி தொடர்ச்சியான பணியைக் கெடுக்காது என்று 1972 ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. எனவே இந்த ஐந்து மாதத்தைப் 'பணி முறிவு' என்று யாரும் குறிக்க வேண்டாம். வேலையில் ஏற்பட்ட காயம் என்றால் கதையே வேறு: அதற்கு 1923 ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி, தற்காலிக இயலாமைக் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாத ஊதியத்தில் 25 சதவீதம் தந்தாக வேண்டும், அதை இந்த விடுப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

அரசு சார்ந்த நிறுவனங்களில் நிலைமை இதைவிடத் தெளிவு. பணிக்காலத்தில் மாற்றுத்திறன் ஏற்பட்ட ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, பழைய வேலைக்கு ஒவ்வாதவரை அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும், அப்படிப் பணியிடம் இல்லையென்றால் உபரிப் பணியிடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 20 ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. இலங்கையிலிருந்து திரும்பிய மக்களுக்கு வாழ்வு தரத் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைக் கழகமான டான்டீ, மலைப்பாதையில் பேருந்து ஓட்டும் அரசுப் போக்குவரத்துக் கழகம், குந்தாவின் மின் நிலையங்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தனியார் நிறுவனமான உங்களை இந்தப் பிரிவு நேரடியாகக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் அது காட்டும் வரிசை, அதாவது முதலில் அதே வேலை, முடியாவிட்டால் அதே வேலையில் மாற்றம், அதுவும் முடியாவிட்டால் வேறு வேலை என்பது, யாரும் பின்பற்றத்தக்க வரிசை என்பது என் கருத்து.

'எங்களிடம் லேசான வேலை இல்லை' என்கிறீர்கள். வேலைகளைப் பதவியாகப் பார்த்தால் இல்லைதான். துண்டு துண்டாகப் பார்த்தால் இருக்கும். காலையில் விவசாயிகள் கொண்டுவரும் பசுந்தேயிலையை எடைபோட்டுப் பதிவது, இலையின் தரத்தைப் பார்த்துக் கழிவு எடுப்பது, வாடல் தொட்டியின் காற்றோட்டத்தையும் ஈரத்தையும் மணிக்கொருமுறை குறிப்பது, உலர்த்தும் எந்திரத்தின் வெப்பத்தைச் சற்றுத் தள்ளி நின்று பதிவேட்டில் ஏற்றுவது, மூட்டைகளுக்கு முத்திரை இடுவது என இன்று ஐந்து பேர் அரைகுறையாகச் செய்யும் இவற்றைத் திரட்டினால் ஒருவருக்கு நாலு மணி நேர வேலை தேறிவிடும். பல வருடம் கொழுந்தைத் தொட்டு வாடலைக் கணித்த கை அது. தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கருக்கே பயன்படும். தவிர்க்க வேண்டியவை இரண்டு. சலிக்கும் அறையின் நார்த்தூசி இதய நோயாளிக்கும் ஆஸ்துமா உள்ளவருக்கும் ஆகாது. வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு 'சும்மா உட்காருங்கள்' என்பதும் ஆகாது. அது கருணை போலத் தோன்றும், ஆனால் ஒரு மாதத்தில் ஆளைத் தின்றுவிடும்.

கால அட்டவணை ஒன்றை எழுத்தில் போடுங்கள். முதல் இரண்டு வாரம் நாளைக்கு நாலு மணி நேரம், அடுத்த இரண்டு வாரம் ஆறு மணி நேரம், அதன்பின் எட்டு மணி நேரம், ஆனால் மூட்டையும் இரவு ஷிப்டும் இல்லாமல். எட்டாம் வாரத்தில் மருத்துவரின் பதிலைப் பார்த்து வாடல் மாடிக்கு அனுப்புவது, அங்கேயும் கொழுந்து பரப்பும் வேலையில் மட்டும் தொடங்குவது. சுமையைப் பன்னிரண்டாம் வாரத்துக்கு முன் எண்ணவே வேண்டாம். ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் நீங்கள், அவர், சூப்பர்வைசர் மூவரும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிக் கையெழுத்திடுங்கள். வாரம் பின்தங்கினால் அட்டவணையைத் தள்ளலாம். ஆனால் முடிவுத் தேதி இல்லாத 'லேசான வேலை'யாக அதை விட்டுவிடாதீர்கள், அது அவருக்கும் மற்றவர்களுக்கும் இடையே கசப்பை வளர்க்கும்.

ஊதியம் என்ற இடத்தில்தான் நல்ல எண்ணம் உள்ள நிர்வாகங்களும் தடுமாறுகின்றன. நோயிலிருந்து திரும்பிப் பாதி வேலை பார்ப்பவருக்கு மீதிப் பாதியை ஈடுகட்டும் ஏற்பாடு எனக்குத் தெரிந்து நம் சட்டத்தில் இல்லை. இ.எஸ்.ஐ. உள்ளவருக்கும், வேலை பார்த்த நாளுக்கு நோய்க்கால உதவி கிடையாது. இ.எஸ்.ஐ. சான்றிதழ்களில் முதல், இடைக்கால, இறுதிச் சான்று என்று உண்டே தவிர, பாதித் தகுதிக்கு என்று ஒன்று இல்லை. இதன் விளைவு, முழுதாகத் தேறும்வரை வீட்டில் இருப்பதே தொழிலாளிக்கு லாபம் என்றாகிவிடுகிறது. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான் சொன்ன அட்டவணையில் முதல் இரண்டு வாரத்தில் நாளைக்கு நாலு மணி வீதம் 48 மணி நேரம் குறைகிறது, அடுத்த இரண்டு வாரத்தில் இரண்டு மணி வீதம் 24 மணி நேரம். மொத்தம் 72 மணி, அதாவது ஒன்பது நாள் கூலி. நெடுநாள் அனுபவத்தைத் தக்கவைத்துக்கொள்ள ஒன்பது நாள் கூலி அதிகமா என்று இயக்குநர் குழுவிடம் கேளுங்கள். அதற்கும் அவர்கள் இசையவில்லை என்றால், அவர் கணக்கில் மீதமிருக்கும் ஆண்டு விடுப்பிலிருந்து பாதியும் நிறுவனம் பாதியும் ஏற்பது ஒரு சமரசம். முழு விடுப்பையும் இதில் கரைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன், ஏனெனில் மறுபரிசோதனைகளுக்கு அவருக்கு விடுப்பு வேண்டியிருக்கும்.

மறுபரிசோதனை என்றால் சமவெளிக்காரர்கள் அரை நாள் அனுமதி என்று நினைப்பார்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க ஏறக்குறைய 33 கிலோமீட்டர் மலைப்பாதை, அதன்பின் கோவை, மருத்துவமனையில் வரிசை, திரும்ப ஏற்றம். ஒரு முழு நாள் போய்விடும், மழையில் மண் சரிந்தால் இரண்டு நாள். முதல் ஆறு மாதத்துக்கு அந்த நாட்களைப் பணிநாளாகக் கருதுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளுக்காகவும் எளிய பிசியோதெரபிக்காகவும் கோவைக்குப் போக வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவை வீட்டுக்கே வருகின்றன. அந்தத் திட்டத்தின் ஊழியர் எந்த நாளில் தொழிலாளியின் ஊருக்கு வருகிறார் என்று கேட்டு, அன்றைக்குச் சற்றுத் தாமதமாக வர அனுமதித்தால் போதும்.

அவருடைய மனைவியின் பயத்தை இடையூறாகப் பார்க்காதீர்கள். கணவர் மயங்கி விழுந்ததைக் கண்ணால் கண்டவர் அவர். மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதில் பாதியை யூகித்துக்கொண்டவர். 'வேலைக்குப் போனால் நோய் திரும்ப வந்துவிடும்' என்ற எண்ணம் தொழிலாளியின் உள்ளேயும் இருக்கும், அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். இருவரையும் ஒருநாள் பகல் வேளையில் தொழிற்சாலைக்கு அழைத்து, புதிதாகச் செய்யப்போகும் வேலையை நேரில் காட்டுங்கள். நெஞ்சு வலித்தால் யாரிடம் சொல்வது, எந்த வண்டி தயாராக இருக்கும், எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதை அவர் முன்னாலேயே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். 'அம்மா, பன்னிரண்டு வாரத்துக்கு இவர் மூட்டையைத் தொடமாட்டார், தொட்டால் எனக்கு போன் பண்ணுங்கள்' என்று உங்கள் எண்ணைக் கொடுங்கள். எந்த மருத்துவச் சான்றிதழைவிடவும் இந்தப் பேச்சு வேலை செய்யும்.

சக தொழிலாளர்களிடம் நோயின் விவரத்தைச் சொல்ல வேண்டாம்; எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தாலும் நிர்வாகத்தின் வாயிலிருந்து அது வரக் கூடாது. 'இன்ன தேதி வரை இவருக்குச் சுமை இல்லை, இரவு ஷிப்டு இல்லை' என்பது மட்டும் போதும். சான்றிதழும் கடிதங்களும் தனி உறையில் உங்கள் மேசையில் இருக்கட்டும், வருகைப் பதிவேட்டுக்குள் செருகிவைக்க வேண்டாம். காசநோய், மனநோய், எச்.ஐ.வி. போன்றவற்றில் இந்த எச்சரிக்கை பத்து மடங்கு தேவை. காசநோய்க்குச் சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை பெரும்பாலும் போய்விடுகிறது, ஆறு மாத சிகிச்சை முடியும்வரை வீட்டில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒருமுறை பேச்சு பரவினால் அந்தக் குடும்பத்தோடு தண்ணீர்கூடப் புழங்கமாட்டார்கள். மனச்சோர்விலிருந்து மீண்டு வருபவருக்கு மூட்டை பாரமல்ல, இரவு ஷிப்டும் சூப்பர்வைசரின் கத்தலும்தான் பாரம். அவருக்கான மாற்றம் நேரத்திலும் பேச்சிலும் இருக்க வேண்டும்.

கொழுந்து பறிக்கும் பெண்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், உங்களுக்கு இலை தரும் தோட்டங்கள் சிலவற்றில் பெண்கள் கூலிக்குப் பறிப்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. கருப்பை எடுக்கும் அறுவைக்குப் பிறகு ஒன்றரை மாதத்தில் வேலைக்கு வந்துவிடும் பெண்கள் நிறைய. சரிவில் நின்று, வயிற்றுத் தசை இறுக, முதுகில் பத்துப் பதினைந்து கிலோ கொழுந்துப் பையுடன் ஏறுவது அந்த நிலையில் செய்யக்கூடிய வேலையே அல்ல. ஆனால் கூலியும் கூடுதல் கிலோவுக்கான ஊக்கத்தொகையும் எடையைப் பொறுத்திருப்பதால் 'கொஞ்சமாகப் பறி' என்று வாயால் சொல்வது பயனற்றது. நாற்றங்காலில் பை நிரப்புவது போன்ற நாட்கூலி வேலையை மூன்று மாதம் வரை ஒதுக்கினால்தான் அது உண்மையான ஏற்பாடு. பையை அடிக்கடி காலிசெய்து எடைபோடும் இடத்தைச் சரிவின் நடுவிலேயே வைப்பதும் உதவும்.

அடுத்த முறை ஒருவர் நீண்ட விடுப்பில் போகும்போது ஐந்து மாதம் காத்திருக்க வேண்டாம். வெளியே இருக்கும் காலம் நீள நீள, திரும்பி வருவதற்கான வாய்ப்பு குறைகிறது; உடல் தேறினாலும் துணிச்சல் தேய்கிறது, கடன் ஏறுகிறது. முதல் பத்து நாளுக்குள் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போவது நம் வழக்கம்தான், போகட்டும். ஆனால் 'எப்போது வருவீர்கள்' என்ற கேள்வியை அன்றைக்குக் கேட்கக் கூடாது. வைப்பு நிதியிலிருந்து (பி.எஃப்.) மருத்துவ முன்பணம் எடுக்கும் படிவத்தை நிரப்பித் தருவதுதான் அந்தச் சந்திப்பின் வேலை. அதன்பின் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே ஆள் தொலைபேசியில் பேசினால் போதும். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் விசாரணை போல இருக்கும்.

இத்தனை செய்தும் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு அவரால் வாடல் மாடிக்குப் போக முடியவில்லை என்றால், எடைப் பதிவு வேலையையே நிரந்தரமாக்க முடியுமா என்று பாருங்கள்; ஊதியம் குறையுமானால் அவர் சம்மதம் எழுத்தில் வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது. அதுவும் இயலாமல் பிரிய நேர்ந்தால் பணிக்கொடையை, ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில், தாமதமின்றிக் கொடுங்கள். நோயால் ஏற்பட்ட இயலாமையில் ஐந்து ஆண்டுப் பணி வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை என்பதையும் மற்றவர்களுக்காக நினைவில் வையுங்கள். முழுமையான, நிரந்தரமான இயலாமை என்று மருத்துவக் குழு சொன்னால், பணியில் இருக்கும்போதே 1995 ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ராஜினாமா எழுதி வாங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பது அவருடைய உரிமையைச் சிக்கலாக்கும். தொழிற்சாலைக் குடியிருப்பில் இருக்கிறார் என்றால் வீட்டைப் பற்றி முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வேலை போனால் வீடு போகும் என்ற அச்சத்தில்தான் பலர் நெஞ்சு வலியை மறைத்துக்கொண்டு மூட்டை தூக்குகிறார்கள்.

கடைசியாக, மாற்றாள். அவரை இந்தத் தொழிலாளி திரும்பும் நாளிலேயே நிறுத்திவிட வேண்டாம். முதல் பன்னிரண்டு வாரத்துக்கு மூட்டையும் இரவு ஷிப்டும் பார்க்க ஆள் தேவை. அவர் இல்லையென்றால் கொழுந்து குவியும் முதல் நாளிலேயே சூப்பர்வைசர் உங்கள் அட்டவணையை மறந்துவிடுவார். அவருடைய நியமனம் எதற்காக, எதுவரை என்று இப்போதே ஒரு கடிதம் கொடுங்கள். தமிழ்நாட்டில் 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரத் தகுதி கோரலாம் என்று 1981 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால், அவருடைய நாட்களையும் ஒழுங்காகக் கணக்கிட்டுவாருங்கள். அடுத்த காலியிடத்தில் அவருக்கு முன்னுரிமை உண்டு என்று அந்தக் கடிதத்திலேயே எழுத முடிந்தால், வாடல் மாடியில் இருவரும் ஒருவருக்கொருவர் போட்டியாக இல்லாமல் துணையாக நிற்பார்கள்.